முரசுமோட்டை வயலில் ஒரு மலைப்பாதை

அன்னபாக்கியம் முதன்முதல் காரில் ஏறினது தன்ரை கலியாணத்தன்று. இறங்கும்போது மாப்பிள்ளையின் தலையில் தலைப்பா இல்லை.

அது தொண்ணூற்று நாலாம் ஆண்டு, பொருளாதாரத் தடை நேரம். பெற்றோலைச் சோடாப் போத்தலில் கண்டாலே சனம் நின்று பார்க்கிற காலம். கலியாணத்துக்குப் பிடித்த பழைய ஓஸ்ரின் கார் மண்ணெண்ணெய் குடித்து ஓடியது. குடித்தவன் எப்படி ஓடுவானோ அப்படித்தான் ஓடியது. கோயிலில் இருந்து வீட்டுக்கு ஒன்றரை மைல். முதல் அரை மைலிலேயே அன்னபாக்கியத்தின் முகம் வாழையிலை நிறத்துக்கு வந்துவிட்டது. பக்கத்தில் இருந்த யோகலிங்கத்துக்கு அவாவின் பெயரையும் சாதகத்தையும் தவிர வேறொன்றும் தெரியாது. ஆனாலும் மனிசன் நிலைமையைப் பிடித்துவிட்டார். தலைப்பாவைக் கழற்றி, கவிழ்த்து, இரண்டு கையாலும் ஏந்தி நீட்டினார். சாமி கும்பிட்டுப் பிரசாதம் வாங்குகிற மாதிரி.

அன்னபாக்கியம் அதற்குள் சத்தி எடுத்தா.

"பரவாயில்லை," என்றார் மாப்பிள்ளை. "எனக்கும் அது இறுக்கமாத்தான் இருந்தது."

தாலி கட்டிய பிறகு அவர் அவாவோடு கதைத்த முதல் கதை அதுதான். அன்றைக்கே அன்னபாக்கியம் முடிவெடுத்துவிட்டா, இந்த மனிசனோடு காலம் தள்ளலாம், ஆனால் காரில் தள்ள முடியாது என்று.

அதற்குப் பிறகு அவா சத்தி எடுக்காத வாகனம் வன்னியில் இல்லை. மினிபஸ்ஸில் பரந்தன் சந்தி தாண்ட முதல் எடுப்பா. அரசாங்க பஸ்ஸில் கொஞ்சம் மரியாதை கொடுத்துக் கிளிநொச்சி மட்டும் தாங்குவா. ஓட்டோவில் எடுத்தா, ரெயிலில் எடுத்தா. ஒருமுறை பாம்பு கடித்து அம்புலன்ஸில் கொண்டுபோனபோது, ஆஸ்பத்திரியில் டொக்டர் "என்னம்மா செய்யுது?" என்று கேட்க, "பாம்பு பரவாயில்லை ஐயா, உங்கடை வாகனம்தான் தாங்கேலாது" என்றா. எங்கே போனாலும் ஒரு கையில் மணந்து பார்க்கத் தேசிக்காய். மற்றக் கைப்பக்கம் யோகலிங்கம், சொப்பிங் பையை விரித்துப் பிடித்தபடி. முப்பத்தொரு வருசத்தில் அந்தப் பையை அவர் ஒருநாளும் பிந்தி விரித்ததில்லை.

அவாவின் வயிற்றைப் புரட்டாத வாகனம் ஒன்றே ஒன்று: வீட்டு லான்ட்மாஸ்டர், அதுவும் நேர் றோட்டில் மெல்லப் போனால். முன்னுக்கு இரண்டு சில்லு, நீட்டுக் கைபிடி, பின்னால் ஒரு பெட்டி. உழவும் அதுதான், நெல்லு மூட்டையும் அதுதான், கிளினிக்கும் அதுதான். இரண்டாயிரத்து ஒன்பதில் உடையார்கட்டுப் பக்கம் சனம் முழுக்க றோட்டில் நகர்ந்தபோது யோகலிங்கத்தின் வலக்கை கட்டுப்போட்டுத் தொங்கியது. அன்னபாக்கியம்தான் கைபிடியைப் பிடித்தா. பெட்டிக்குள் புருசன், பதின்மூன்று வயது மகள், தையல் மிசின், யாரோ ஏற்றிவிட்ட இரண்டு ஆடு. குழியும் வளைவுமாக மூன்று நாள் ஓடினா. சத்தி வரவில்லை.

"பயத்திலை சத்தி மறந்துபோச்சு," என்று பிறகு எல்லாரும் சொன்னார்கள். அவாவும் ஓமென்றா. அந்த மூன்று நாளைப் பற்றி அந்த வீட்டில் அவ்வளவுதான் கதை.

பிறகு மாதர் சங்கத்தில் ஒரு நிறுவனம் வந்து பெண்களுக்கு வாகனம் பழக்கியது. லான்ட்மாஸ்டருக்கு லைசென்ஸ் எடுக்கலாம் என்று அன்னபாக்கியமும் போனா. அவர்கள் காரையும் சேர்த்துப் பழக்கினார்கள். பழக்கிற காரின் பின்சீற்றில் முறைக்குக் காத்திருந்தபோது வழக்கம்போல இரண்டு பை நிரம்பியது. தன்ரை முறைக்கு ஓட்டியபோது ஒன்றுமில்லை. "பயம்தான்," என்றான் பழக்கினவன். லைசென்ஸ் வந்தது. அலுமாரிக்குள் கூறைச்சேலைக்குக் கீழே போய்ப் படுத்தது. வயல் றோட்டில் பொலிஸ் மறித்தால் காட்டுவதற்கு மட்டும் வெளியில் வரும், காலம் முடிந்தால் புதுப்பித்துக்கொண்டு திரும்பப் போய்ப் படுக்கும்.

இப்படி இருக்கும்போதுதான், இந்த மாசி மாதம் அறுவடை முடிந்த கிழமை, மகள் லக்சிகா நுவரெலியாவில் இருந்து போன் எடுத்தாள். அவளுக்கு அங்கே ஆஸ்பத்திரியில் தாதி வேலை. புருசன் நிஷாந்தனும் அங்கேதான் படிப்பிக்கிறான். ஏழாம் மாதம். தலைப்பிள்ளை. தாய் வீட்டுக்கு வந்து பெறுவது என்றுதான் கதை இருந்தது. குசினியில் பிள்ளைப்பெற்றவளுக்குச் சரக்கு அரைக்கிற அம்மிகூடக் கழுவிக் கவிழ்த்தாயிற்று.

"அம்மா, டொக்டர் பயணம் செய்யக்கூடாதெண்டு சொல்லிப்போட்டார். கட்டிலாலை இறங்கவே விடேல்லை."

"அப்ப ஆர் உனக்குச் சமைக்கிறது?"

"இவர்தான்."

அன்னபாக்கியத்துக்கு மருமகனின் சமையல் தெரியும். அவனுக்கு முட்டை அவிக்கத் தெரியும். அதுவும் சிலவேளை வெடிக்கும்.

"அம்மா," என்றாள் லக்சிகா. குரல் சின்னதாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் ஊசியோடு திரிகிறவள், திடீரென்று பெட்டிக்குள் ஆட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருந்த பிள்ளையாகிவிட்டாள். "ஆயிரம் பிள்ளைப்பெறு பாத்திட்டன். என்ரை எண்டதும் பயமாக் கிடக்கு. நீங்கள் பக்கத்திலை நிண்டால் காணும். வருவீங்களோ?"

"வாறன்," என்றா அன்னபாக்கியம்.

போனை வைத்த பிறகுதான் வயிறு கேட்டது: எப்பிடி?

"நான் வாறன் எண்டு சொல்லிப்போட்டன்," என்று புருசனிடம் சொன்னா. "எப்பிடி எண்டு நீங்கள் யோசியுங்கோ."

"மலையப்பா. வளைவப்பா."

"லான்ட்மாஸ்டரிலை போறன்."

"நீர் போய்ச் சேரேக்கை பிள்ளை பள்ளிக்கூடம் போயிடும்," என்றார் யோகலிங்கம். ஆனால் அவரின் கண் மின்னியது. ஏனென்றால் இது ஒரு வாகனப் பிரச்சினை. வாகனப் பிரச்சினை என்றால் யோகலிங்கத்துக்குச் சாப்பாடு வேண்டாம்.

வாகனம் இல்லாதவர்களுக்குத்தான் வாகன அறிவு கூட. யோகலிங்கத்துக்குச் சொந்தமாக லான்ட்மாஸ்டரைத் தவிர ஒன்றுமில்லை. ஆனால் றோட்டில் போகிறதைப் பார்க்காமலே, கண்ணை மூடிக்கொண்டு, என்ஜின் சத்தத்தில் ஆள் சொல்லுவார். பின்னேரம் ஐந்து மணிக்குப் பரமேஸ்வரன் மாஸ்ரரின் வாசலில் கூடுகிற கூட்டத்துக்கு அவர்தான் நடுவர். கூட்டம் என்றால் மூன்று பேரும் மூன்று வாகனமும்.

ஒன்று பழனியாண்டியின் டொல்பின். நீட்டு டீசல் வான். நடுச்சீற்றுகளைச் சுழற்றி விட்டால் சனம் ஆளையாள் முகம் பார்த்து இருக்கலாம். இரண்டாவது கோகுலனின் ஏழு பேர் ஹைபிரிட். கோகுலன் யோகலிங்கத்தின் தங்கச்சி மகன், வெளிநாட்டில் இருந்து வருகிறவர்களைக் கோயில் கோயிலாக ஏற்றி இறக்குகிறவன். மூன்றாவது மாஸ்ரரின் பெற்றோல் வேகன், வயது நாற்பதுக்கு மேல். அதன் பின்கதவுக்குள் ஒரு குட்டிச் சீற் இருக்கிறது, பின்னால் வருகிறவர்களைப் பார்த்தபடி. அதில் இருந்தவர்கள் எல்லாரும் றோட்டுக்கு டாட்டா காட்டிக்கொண்டேதான் போகவேண்டும், வேறு வேலை இல்லை.

யோகலிங்கம் விசயத்தைச் சொன்னதும் மூன்று பேரும் நெஞ்சை நிமிர்த்தினார்கள்.

"இதென்ன கேள்வி? மலைக்கு இழுவை வேணும். இழுவை எண்டால் டீசல்," என்றார் பழனியாண்டி.

"உங்கடை இழுவையிலை புகை போற போக்குக்குப் பின்னாலை வாறவன் பொழுதுபட்டிட்டுது எண்டு லைற் போடுறான் அண்ணை," என்றான் கோகுலன். "மாமிக்கு மணம்தான் ஒத்துக்கொள்ளாதது. என்ரையிலை மணமும் இல்லை, சத்தமும் இல்லை."

"சத்தம் இல்லையெண்டு நீயே சொல்லுறாய். ஓடுதோ செத்துப்போச்சோ எண்டு நாடி பிடிச்செல்லோ பாக்கவேணும்!"

"ரெண்டும் பிழை," என்று மாஸ்ரர் மூக்குக்கண்ணாடியைத் தள்ளினார். "சத்தி வாறது கண்ணாலை. முன்னுக்கு வாற வளைவைக் கண்டால்தான் புரட்டும். என்ரை பின்சீற்றிலை இருந்தால் வளைவு போன பிறகுதான் தெரியும். போனதைப் பாத்து ஆர் சத்தி எடுக்கிறது?"

"மாஸ்ரர், உங்கடை வேகன் நிலத்தோடை தவழுது. கோழி குறுக்கை போனால், கோழிதான் குனிஞ்சு உங்களைப் பாக்குது," என்றான் கோகுலன்.

இப்படியே மூன்று பின்னேரம் போனது. முடிவில் யோகலிங்கம் கையைத் தூக்கினார். "கதைச்சு வேலையில்லை. ஓடிப் பாப்பம். மூண்டிலையும் அன்னத்தை ஏத்துவம். எதிலை தாங்குறாவோ, அதிலை போவம்."

"எங்கை ஓடுறது? இஞ்சை வளைவு எங்கை கிடக்கு?" என்று கேட்டார் மாஸ்ரர்.

நியாயமான கேள்வி. முரசுமோட்டையில் நின்று பார்த்தால், நாலு பக்கமும் தட்டையான வயலும் அதற்கு மேலே கவிழ்த்து வைத்த வானமும்தான். பெரிய மலை என்றால் வாய்க்கால் கட்டு. பெரிய வளைவு என்றால் மாடு படுத்திருந்தால் விலத்துகிற வளைவு.

அப்போதுதான் பழனியாண்டி எழும்பினார். அவரின் சனம் மலையில் இருந்து வந்த சனம். எழுபத்தேழுக் கலவரத்தில், எட்டு வயதில், லொறியின் பின்தட்டில் இருந்து, நுவரெலியாப் பாதையில் கிடக்கிற றம்பொடை மலையை இறங்கி வந்தவர். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போனதில்லை. ஆனால் மலை என்று யாரும் சொன்னால், "எங்கட மலை" என்றுதான் தொடங்குவார்.

"பதினாலு வளைவு," என்றார். "எண்ணிக்கொண்டு வந்தனான். ஒவ்வொண்டும் இஞ்சை கிடக்கு," என்று நெற்றியைத் தட்டினார். "அறுவடை முடிஞ்ச வயல் ஒண்டு தாங்கோ. மலையை இறக்கித் தாறன்."

அடுத்தநாள் யோகலிங்கத்தின் வயலில் மலை இறங்கியது. அன்னபாக்கியம் அடுத்த போகத்துக்கு என்று தோய்த்துக் காயவிட்ட யூரியாச் சாக்கு எல்லாவற்றையும் அள்ளி, வைக்கோல் அடைத்து, வயல் முழுக்க வளைத்து வளைத்து அடுக்கினார்கள். பழனியாண்டி நடுவில் நின்று கையைச் சுழற்றிக் கட்டளை போட்டார். "இந்த வளைவிலை தேத்தண்ணிக் கடை. கொஞ்சம் அகலம் விடுங்கோ. இதிலை எங்கட அம்மா அழுதவா. இறுக்கமா வளையுங்கோ." வாய்க்கால் கட்டின் சரிவுதான் ஏற்றம். கோகுலன் கார்ட்போட் மட்டையில் 'றம்பொடை' என்று எழுதி நட்டான். அதோடு விட்டிருக்கலாம். "நீர்வீழ்ச்சி இல்லாமல் என்ன றம்பொடை?" என்று பழனியாண்டி முகத்தைச் சுழிக்க, தண்ணீர் இறைக்கிற மிசினைக் கொண்டுவந்து, குழாயைக் கட்டுக்கு மேலே ஏற்றி, நீர்வீழ்ச்சியும் விழுத்தினார்கள்.

மலை கட்டினால் சனம் வராதா? வந்தது. ஐஸ்கிறீம் வான்காரன் பாட்டைப் போட்டுக்கொண்டு வயலுக்குள்ளேயே இறங்கிவிட்டான். யோகலிங்கமும் வேடிக்கை பார்க்க, கச்சான் கடலை விற்க வந்தவளிடம் ஒரு சரை வாங்கி, லான்ட்மாஸ்டர் சீற்றில் வைத்தார். அன்னபாக்கியம் தேசிக்காயை மணந்துகொண்டு நடுவில் நின்றா. தன் வயிற்றுக்குத் திருவிழா நடக்கிறது அவாவுக்கே சிரிப்பாகத்தான் இருந்தது. சிரிப்பு முதலாவது வாகனம் வரைக்கும்தான் நின்றது.

கோகுலனின் ஹைபிரிட்டில் நடுச்சீற் கதிரை மாதிரி. கைவைக்க இடம், கால்நீட்ட இடம், முதுகுக்குத் தலையணை. ஏசியில் இருந்து மல்லிகைப்பூ வாசம் வேறு. வாகனம் நகருகிறதே தெரியவில்லை. வயிற்றுக்கு மட்டும் தெரிந்தது. நாலாம் வளைவில் யோகலிங்கம் பையை விரித்தார்.

டொல்பினில் ஏறியபோது பழனியாண்டி சீற்றைச் சுழற்றி, அவாவையும் புருசனையும் முகம் பார்த்து இருத்தினார். "கதைச்சுக்கொண்டே வாங்கோ தங்கச்சி, மனம் அதிலை போகாது." கதைக்க என்ன இருக்கிறது? முப்பத்தொரு வருசத்துக் கதை. ஆறாம் வளைவில் கதையோடு சேர்த்து எல்லாம் வந்தது.

மாஸ்ரரின் வேகனில் பின்கதவைத் திறந்து அந்தக் குட்டிச் சீற்றில் மடித்து வைத்தார்கள். முழங்கால் நாடியில் முட்டியது. அன்னபாக்கியம் கூட்டத்தைப் பார்த்தபடி பின்பக்கமாக மலையேறினா. இரண்டாம் வளைவு. மாஸ்ரரின் கொள்கை அதோடு முடிந்தது.

கட்டுக்கு மேலே ஏறி, பொய் நீர்வீழ்ச்சியில் முகத்தைக் கழுவினா. மகளின் சின்னக் குரல் காதில் நின்றது: வருவீங்களோ? வாறன் என்று சொன்ன வாய் இப்போது புளித்துக் கிடந்தது. ஊர் முழுக்கக் கூடி ஒரு மலையையே கட்டித் தந்தும், அதில் பாதிகூட ஏற முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வந்தது. நல்லகாலம், முகம் ஏற்கெனவே நனைந்திருந்தது.

கீழே எட்டிப் பார்த்தா. அங்கே றம்பொடை மட்டைக்குப் பின்பக்கம் யாரோ எழுதிக்கொண்டிருந்தார்கள். டொல்பின் 6. ஹைபிரிட் 4. வேகன் 2.

"ஆறு!" என்று பழனியாண்டி துள்ளினார். "பாத்தீங்களோ இழுவையை!"

"அது அண்ணை, என்ரையிலை முதல் ஏறினவா. அப்ப வயிறு நிரம்பியிருந்தது. வெறும் வயித்திலை திரும்ப ஒருக்கா விட்டுப் பாக்கவேணும்," என்றான் கோகுலன்.

"சீற்றை ரெண்டு இஞ்சி பின்னுக்குத் தள்ளினால்..." என்று யோகலிங்கம் அளவெடுக்கத் தொடங்கினார்.

அன்னபாக்கியத்துக்குக் கோபம் உச்சியில் ஏறியது. "என்ரை சத்தியிலை புள்ளி போடுறியளோ?"

ஐஸ்கிறீம் வானின் பாட்டுக்கூட நின்றது.

"நீங்கள் நாலு பேரும், உங்கடை சீற்றும், உங்கடை என்ஜினும்! விலகுங்கோ. நான் வீட்டை போறன்."

இறங்கிப் போய் லான்ட்மாஸ்டரில் ஏறினா. கைபிடியைப் பிடித்து, கியரைத் தட்டி, விட்டா பாருங்கள்! ஆனால் வயலை விட்டு வெளியேற வழி ஒன்றுதான், அது பதினாலு வளைவுக்குள்ளாலும். நேரே இடித்துக்கொண்டு போகலாம்தான். எவ்வளவு கோபம் என்றாலும் அடுக்கிக் கிடப்பது அவாவின் சாக்கு. கிழிந்தால் அடுத்த போகத்துக்கு நெல்லை எதில் கட்டுவது? அதனால் வளைத்தா. முதலாம் வளைவு, இரண்டாம் வளைவு. பெட்டி பின்னால் துள்ளித் துள்ளி வந்தது. நாலு, அம்மா அழுத வளைவு, ஆறு. வாய்க்கால் கட்டுக்கு மேலே ஏறி, நீர்வீழ்ச்சியில் நனைந்து, இறங்கி, எட்டு.

ஒன்பதாம் வளைவில்தான் அன்னபாக்கியம் கவனித்தா. வாய் எதையோ சப்பிக்கொண்டிருக்கிறது.

கச்சான்.

சரையில் பாதி முடிந்துவிட்டது. எப்போது எடுத்தா, எப்போது உடைத்தா, ஒன்றும் தெரியாது. தேசிக்காய் எங்கேயோ விழுந்துபோயிருந்தது. வயிறு, எண்ணெய் போட்ட கதவு மாதிரிச் சத்தமில்லாமல் இருந்தது.

லான்ட்மாஸ்டரை நிறுத்தினா. யோசித்தா. பிறகு திருப்பி, முதலாம் வளைவில் இருந்து திரும்பத் தொடங்கினா.

"மாமிக்கு விசர் பிடிச்சிட்டுதோ மாமா?" என்றான் கோகுலன்.

"கோவம்," என்றார் மாஸ்ரர். "கோவத்திலை சத்தி மறந்திருக்கும்."

"அண்டைக்குப் பயம், இண்டைக்குக் கோவமோ?" என்று சுற்றை முடித்து வந்து நின்ற அன்னபாக்கியம் கேட்டா. "இப்ப எனக்குச் சிரிப்பு வருது. சிரிப்போடையும் ஒரு சுத்து ஓடிக் காட்டட்டோ?"

ஓடிக் காட்டினா. சிரித்துக்கொண்டே, கச்சான் கோது துப்பிக்கொண்டே, பதினாலு வளைவும். சனம் கைதட்டியது. யோகலிங்கம் மட்டும் விரித்த பையைக் கையில் வைத்துக்கொண்டு, வேலை போன ஆள் மாதிரி நின்றார்.

"என்னப்பா," என்றார் மெல்ல. "உம்மை நாங்கள் எல்லாச் சீற்றிலையும் இருத்திப் பாத்தனாங்கள். ஒரு சீற்றிலை இருத்தேல்லை."

"ஓம். அலுமாரியிலை கூறைச்சேலைக்குக் கீழை லைசென்ஸ் கிடக்கு. அதிலை கார்ப் படமும் கிடக்கு. எடுத்துக்கொண்டு வாங்கோ," என்றா அன்னபாக்கியம். பிறகு மற்ற மூன்று பேரையும் பார்த்துக் கையை நீட்டினா. "திறப்புகளைத் தாங்கோ. இப்ப நான் பாக்கிறன் உங்கடை வாகனங்களை."

மூன்று பேரின் முகத்தையும் அப்போது பார்த்திருக்க வேண்டும். அவா சத்தி எடுத்தபோதுகூட இவ்வளவு வெளிறவில்லை.

ஹைபிரிட்டில் ஏறி ஒரு சுற்று. "நல்ல வாகனம் தம்பி. ஆனால் ஒண்டும் கதைக்குதில்லை. கூட வாற ஆள் கதைக்கவேணும்." மாஸ்ரரின் வேகன். "மாஸ்ரர், இதிலை இருந்தால் எனக்கு றோட்டுத் தெரியேல்லை, புல்லுத்தான் தெரியுது." கடைசியாக டொல்பின். உயரச் சீற். முன்னுக்கு மூக்கில்லாமல் கண்ணாடிக்குக் கீழேயே றோட்டு. என்ஜின் சீற்றுக்குக் கீழேயே இருந்து, லான்ட்மாஸ்டரின் பெரியண்ணன் மாதிரிக் கடகடவென்று கதைத்தது. எப்போது மூச்சு வாங்குகிறது, எப்போது கியர் கேட்கிறது, எல்லாம் காலுக்குத் தெரிந்தது.

"இது," என்றா.

பழனியாண்டி வானத்தைப் பார்த்துக் கும்பிட்டார். கோகுலன் மட்டையில் டொல்பின் 14 என்று திருத்தினான்.

ஒரு மாதம் பழகினா. முதல் கிழமை வயல் மலை. இரண்டாம் கிழமை ஆனையிறவு. உப்பளத்துக் காற்று வானைத் தள்ளத் தள்ள, நேரே பிடிக்கப் பழகினா. பிறகு வவுனியா, லொறிகளுக்கு நடுவில். நாலு ஆண்களும் முறை வைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தார்கள். யோகலிங்கம் தன்ரை பக்கத்தில் இல்லாத பிரேக்கை வலக்காலால் மிதித்து மிதித்து, அவரின் செருப்புத் தேய்ந்துபோனது.

பங்குனி முடிய, ஒரு விடியற்காலை வெளிக்கிட்டார்கள். சரக்குத்தூள், நல்லெண்ணெய், பத்துத் தேங்காய், முருங்கைக்காய், பழஞ்சீலை ஒரு கட்டு, அம்மியும் வேண்டுமென்று அதையும் ஏற்றினா. பிறகு பார்த்தால் வானுக்குள் நாலு பேரும் இருக்கிறார்கள். வான் தன்னுடையது என்று பழனியாண்டி. வளைவைப் பார்க்க மாஸ்ரர். வான் நின்றால் இழுக்க ஆள் வேண்டுமென்று கோகுலன், எதால் இழுப்பான் என்று யாரும் கேட்கவில்லை. சீற்றைச் சுழற்றிவிட்டு, முகம் பார்த்து இருந்து, மதவாச்சி வரமுதலே டீசலா பெற்றோலா என்று தொடங்கிவிட்டார்கள்.

மாத்தளை மட்டும் நல்ல சத்தம். கண்டி தாண்டச் சத்தம் கொஞ்சம் குறைந்தது. கம்பளை தாண்டி உண்மை மலை தொடங்கியபோது, பழனியாண்டி எழும்பி யன்னலைப் பிடித்துக்கொண்டு எண்ணத் தொடங்கினார். "எங்கட மலை! ஒண்டு... ரெண்டு..."

அன்னபாக்கியத்துக்கு அந்த எண்ணிக்கை ஒரு காதில்தான். கண் வளைவில், கால் என்ஜினில். ஒவ்வொரு வளைவும், வருகிறேன் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு வந்தது. அதற்கு ஏற்ற மாதிரி உடம்பைச் சரித்தா. இவ்வளவு காலமும் யாரோ வளைத்த வளைவில் தன் வயிறு விழுந்து விழுந்து எழும்பியிருக்கிறது. இப்போது வளைக்கிறதே தான்தான். பச்சை மலைகள் சுற்றிச் சுற்றி வந்தன. வாயில் ஒரு பாட்டுக்கூட வந்தது. பின்னால் ஒரு சத்தமும் வரவில்லை.

"என்ன, டீசல் வெண்டதோ பெற்றோல் வெண்டதோ?" என்று கேட்டுக் கண்ணாடியில் பார்த்தா.

மாஸ்ரர் பின்பக்கம் பார்த்த சீற்றில் கொள்கைக்காக இருந்தவர், இப்போது கொள்கையைப் பைக்குள் விட்டுக்கொண்டிருந்தார். கோகுலன், மாதம் இருபது ஹயர் ஓடுகிற கோகுலன், மாஸ்ரரின் முதுகைத் தடவப் போய்த் தானும் சேர்ந்துவிட்டான். பழனியாண்டி மட்டும் வெளிறிய முகத்தோடு எண்ணிக்கொண்டிருந்தார். "பதின்மூண்டு... பதினாலு..." பதினைந்தாவது வந்தது. பதினாறு வந்தது. இன்னும் மேலே மேலே வந்துகொண்டே இருந்தது.

"பழனியாண்டி அண்ணை! பதினாலு எண்டெல்லோ சொன்னனீங்கள்?"

அவர் யன்னலுக்கு வெளியே பார்த்தார். "எட்டு வயசு தங்கச்சி," என்றார். "எனக்கு அப்ப பதினாலு மட்டும்தான் எண்ணத் தெரிஞ்சிருக்கும்."

அதைச் சொல்லிவிட்டு அவரும் பை கேட்டார்.

உண்மை நீர்வீழ்ச்சி தெரிகிற இடத்தில் வானை ஓரம்கட்டினா. யோகலிங்கம்தான் கடைசி ஆள். இவ்வளவு நேரமும் மற்றவர்களுக்குப் பை விரித்துக் கொடுத்தே இருந்த பை முடிந்துவிட்டது. மனிசன் தலையில் இருந்த தொப்பியைக் கழற்றி, கவிழ்த்து, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, வாழையிலை நிறத்தில் நின்றார்.

அன்னபாக்கியம் இறங்கி ஓடிப் போய் அவரின் நெற்றியைத் தாங்கிப் பிடித்தா. மற்றக் கையால் சேலை இடுப்புக்குள் இருந்து ஒரு சொப்பிங் பையை இழுத்து விரித்தா. இப்படி ஒரு நேரம் வரும் என்று விடியவே ஒன்றை எடுத்து ஒளித்து வைத்திருந்தா.

"தொப்பி கிடக்கட்டும்," என்றா. "அது இறுக்கமில்லைத்தானே."

அவர் பைக்குள் தலையை விட்டுக்கொண்டே சிரித்தார். சிரித்தபடி சத்தி எடுப்பது உலகத்திலேயே கஷ்டமான வேலை. அன்னபாக்கியம் அவரின் முதுகைத் தடவிக்கொண்டே நின்றா. குளிர் காற்றில் நீர்வீழ்ச்சித் தூவல் வந்து இரண்டு பேர் முகத்திலும் பட்டது. மிசின் போட்டு விழுத்தினதைவிட இது நல்லாய்த்தான் இருந்தது, அதை அவா பழனியாண்டிக்குச் சொல்லவில்லை.

பின்னேரம் நாலு மணிக்கு நுவரெலியாவில், நிஷாந்தன் வாடகைக்கு இருக்கிற வீட்டு வாசலில் டொல்பின் வந்து நின்றது. எழும்பக்கூடாது என்று டொக்டர் சொல்லியும் லக்சிகா யன்னலோரம் கட்டிலில் நிமிர்ந்து எட்டிப் பார்த்தாள். வானின் பின்கதவு திறந்தது. பச்சை முகத்தோடு ஒருவர் இறங்கினார். பிறகு இன்னொருவர். பிறகு இரண்டு பேர், ஆளையாள் பிடித்துக்கொண்டு. அதோடு சனம் முடிந்துவிட்டது.

"அப்பா! அம்மா எங்கை?" என்று யன்னலால் கத்தினாள். "அம்மா வரேல்லையோ?"

யோகலிங்கம் ஒரு கையால் வாயைப் பொத்தினார். மற்றக் கையைத் தூக்கி முன்பக்கம் காட்டினார்.

முன்கதவு திறந்தது. அன்னபாக்கியம் திறப்பை விரலில் சுழற்றிக்கொண்டு இறங்கினா. சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகினா. முகத்தில் ஒரு வாட்டம் இல்லை. நேரே உள்ளே போய், மகளின் தலையைத் தன் வயிற்றோடு அணைத்துப் பிடித்தா. அந்த வயிறு இப்போது ஆடாமல், அசையாமல், நல்ல இருக்கையாக இருந்தது. லக்சிகா அதில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள், சிரித்தாள், எது எதென்று அவளுக்கே தெரியவில்லை.

"வாறன் எண்டனான் தானே," என்றா அன்னபாக்கியம். பிறகு தலையைத் திருப்பி, கையில் அவித்த முட்டையோடு முழித்துக்கொண்டு நின்ற மருமகனைப் பார்த்தா.

"தம்பி, குசினி எங்கை? அம்மி வானுக்குள்ளை கிடக்கு, இறக்குங்கோ. இண்டைக்கு அஞ்சு பேருக்குப் பத்தியம் வைக்கவேணும்."